அதியமான் வாசலில்

(இறுதியாண்டு மாணவர்களுக்கான அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



துறைத்தலைவர் தொலைபேசியில் அழைத்து, "பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போகிற பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள். ஆனால் இலக்கியமாகவும் இருக்க வேண்டும், அறக்கட்டளை விதி அப்படி" என்றார். நான் தமிழில் பட்டம் பெற்றவன் இல்லை. இயற்பியல் படித்தவன். ஒரு பாலிடெக்னிக்கின் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் 32 ஆண்டுகள் சால்டரிங் புகையைச் சுவாசித்துவிட்டு ஓய்வு பெற்றவன். பழந்தமிழ்ப் பாட்டைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற உரிமை ஒன்றே ஒன்றுதான். அப்படி ஒரு பாட்டு, நான் பட்டம் வாங்கி ஏழெட்டு மாதம் கழித்து, சேலத்தில் ஓர் இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தபோது என்னைக் குத்தியது. அந்த ஒரு பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

புறநானூற்றின் 206ஆம் பாட்டு. ஔவையார் பாடியது. நான் இளங்கலை படித்தபோது பகுதி ஒன்று தமிழ்த் தாளில் அது இருந்தது. ஐந்து மதிப்பெண் வினாவாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். திணை பாடாண், துறை பரிசில் என்று நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். தேர்வில் அது வரவில்லை. வராததால் கோபம் வந்தது. கோபத்தினால்தானோ என்னவோ, மறக்காமல் இருந்தது.

பாட்டின் சூழல் உங்களுக்குத் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. நீங்கள் காலையில் பேருந்து இறங்குகிற இந்தத் தருமபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர். அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். நெல்லிக்கனி கொடுத்தவன் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அவனைக் கதைமாந்தன் என்று ஒதுக்கிவிட முடியாதபடி ஒரு கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரின் குன்றில், 1981ஆம் ஆண்டு, தமிழி எழுத்தில் ஒற்றை வரிக் கல்வெட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நெடுமான் அஞ்சி என்ற பெயரைச் சொல்லி, அவன் ஒரு குகைப் படுக்கையைக் கொடையாகக் கொடுத்தான் என்கிறது அது. அசோகனுடைய கல்வெட்டுகளில் சோழர் பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்று ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கும் இந்த ஒரு வரிதான் விடை சொன்னது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கல் அவனைப் பற்றி நினைவில் வைத்திருக்கும் செயல் ஒன்றுதான்: கொடுத்தான்.

அப்படிப்பட்டவன் வாசலில்தான் ஔவையார் காத்துக்கிடக்கிறார். அவன் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. பாட்டுக்குக் கீழே இருக்கும் பழங்குறிப்பு, அவன் பரிசில் நீட்டித்தபோது பாடியது என்கிறது. நீட்டித்தல் என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். மறுத்தல் என்றால் திரும்பிப் போய்விடலாம். நீட்டித்தலுக்கு என்ன செய்வது? சில ஆண்டுகளுக்கு முன்பு, கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி, ஆஃபர் லெட்டரும் கைக்கு வந்து, சேரும் தேதி மட்டும் வராமல் மாதக்கணக்கில் மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடிய உங்கள் சீனியர்களைக் கேளுங்கள். என் தங்கை மகன் அவர்களில் ஒருவன். "வேலை கெடைச்சிருச்சா?" என்று கேட்டவர்களிடம் கிடைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல், கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டான். அவனிடம் யாரும் "இல்லை" என்று சொல்லவில்லை. நீட்டித்தார்கள்.

இனி பாட்டு. ஔவையார் அரசனிடம் பேசவில்லை. வாயில்காப்போனிடம் பேசுகிறார். அவனை இரண்டு முறை கூப்பிடுகிறார். வள்ளல்களின் காதில் ஒளியுள்ள சொற்களை விதையாக விதைத்து, நினைத்ததை அறுத்துக்கொண்டு போகிற மன உறுதி படைத்தவர்கள் நாங்கள், தகுதிக்கு ஏற்ற மதிப்புக்காக வருந்துகிறவர்கள், எங்களைப் போன்றவர்களுக்கு வாசலை அடைக்காதவனே என்று அவனை விளிக்கிறார். பிறகு ஒரு கேள்வி. உன் தலைவனுக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா? அறிவும் புகழும் உள்ளவர்கள் எல்லாம் செத்துப்போய் உலகம் ஒன்றும் வெறுமையாகிவிடவில்லை. அதனால் யாழை எடுத்தாயிற்று, பையைக் கட்டியாயிற்று. மரம் வெட்டும் தச்சனின் கைதேர்ந்த பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு இந்த உலகம். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் சோறு இருக்கிறது.

அவ்வளவுதான். இதைத் தன்னம்பிக்கைப் பாட்டு என்று சொல்லிவிட்டு மாலை போட்டுவிட்டுப் போய்விடலாம். பல மேடைகளில் அப்படித்தான் நடக்கிறது. அப்படிச் செய்தால் இந்தப் பாட்டில் இருக்கிற கஷ்டமான இடங்கள் எல்லாம் கைநழுவிப் போய்விடும்.

முதலில் அந்தக் கேள்வி. தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா. இரண்டே வழி வைத்திருக்கிறார். மூன்றாவதாக ஒன்று உண்டே, நாம் எல்லோரும் இராத்திரி பாயில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொள்வது: நான்தான் லாயக்கில்லாதவனோ? அந்த மூன்றாவது கேள்வி அவருக்கு எழவே இல்லை. அல்லது எழுந்து, அதற்குப் பதில் தெரிந்து, அதன் பிறகு வாய் திறந்திருக்கிறார். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

சேலத்துக் கேட்டுக்கு வருகிறேன். 1982இல் பி.எஸ்சி. முடித்தேன். எங்கள் ஊர் அரூர்ப் பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி. ஊரில் கல்லூரி வாசலை மிதித்த இரண்டாவது ஆள் நான். முடித்ததும் எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். அந்தக் காலத்தில் அது ஒரு சடங்கு. அட்டையைக் கையில் கொடுப்பார்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் பதிவு மூப்பு போய்விடும். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் அந்த அட்டையை மஞ்சள் பையில் சுற்றி வைத்திருந்தார் அம்மா. வயது ஏறுவதைப் பற்றி அந்த நாட்களில் யாரும் கவலைப்பட்டதில்லை. மூப்பு ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டோம். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அப்போது தூரத்து உறவினர் ஒருவர், சேலத்தில் ஒரு தொழிற்கூடத்தின் முதலாளி தமக்கு வேண்டியவர், போய்ப் பார்த்தால் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை போட்டுத் தருவார் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். போனேன். கேட்டில் காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார். அடுத்த வாரம் போனேன். மீட்டிங்கில் இருக்கிறார் என்றார். மூன்றாவது முறை போனபோது வெயில் கேட்டுக் கம்பியில் கை வைக்க முடியாதபடி அடித்துக்கொண்டிருந்தது. எதிரே புளியமரத்தடியில் நின்றேன். கையில் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள். அங்கேதான் 206 வந்தது. வாயிலோன் என்ற சொல்லோடுதான் வந்தது, ஏனென்றால் கண் முன்னால் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். பாட்டு நினைவுக்கு வந்தது, நெஞ்சு நிமிர்ந்தது, தலை உயர்த்தி நடந்தேன் என்று சொல்ல வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. அவமானமாக இருந்தது. மனசுக்குள் பாட்டைச் சொல்லிக்கொண்டே போனவன், பையைக் கட்டுகிற இடத்தில் நின்றுவிட்டேன். அந்த இடத்தில் ஔவையார் கலப்பை என்கிறார். ஏர்க்கலப்பை இல்லை. கலம் போட்டு வைக்கும் பை, இசைக்கருவிகளை வைத்துக் கட்டும் பை. முதலாண்டில் நான் அதை ஏர் என்றே எழுதிக் காட்டி, தமிழாசிரியரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். "விதைக்கிறார்னு மேல வருதேய்யா, அதான் உழவும் இருக்கும்னு நெனச்சேன்" என்றேன். இன்னொரு குட்டு.

அவர் பையில் கருவி இருந்தது. என் பையில் என்ன இருந்தது? தாள்கள். கிளம்பிப் போகலாம் என்று அவர் சொன்னதற்குப் பின்னால் அந்தப் பை இருக்கிறது. அது இல்லாதவன் அதே வாக்கியத்தைச் சொன்னால் வீம்பு.

இந்த இடத்தில்தான் தச்சன் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களைப் பற்றி ஔவையார் சொல்லும் அடைமொழியை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். கைவல் சிறார். கை வல்லமை பெற்ற பிள்ளைகள். கோடரி வைத்திருந்தால் மட்டும் போதாது. காடு எல்லாருக்கும் காடுதான். கை பழகியவனுக்குத்தான் அது தூணும் உத்திரமும் கலப்பையும் கட்டிலுமாகத் தெரியும். பட்டம் கோடரியா, கையா? மூன்று வருஷம் படித்தேனே, ஒரு ரேடியோ ஓடாமல் நின்றால் என்னால் திறந்து பார்க்க முடியுமா என்று அந்தப் புளியமரத்தடியில் என்னை நானே கேட்டேன். டையோடின் வளைகோட்டை வரைந்து பாகங்களைக் குறிக்கத் தெரியும். டையோடு எது என்று கையில் எடுத்துக் காட்டத் தெரியாது. இது மிகை இல்லை பிள்ளைகளே, எங்கள் ஆய்வகத்தில் ஒரு கருவிக்குப் பன்னிரண்டு பேர்.

அந்தச் சாயங்காலம் பேருந்து நிலையத்துக்கு நடந்த வழியில் ஒரு ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை இருந்தது. அது நல்ல காலம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்து, டி.வி. பெட்டி மேல் நாட்டுக்கே ஆசை பிறந்திருந்தது. கடைக்காரர் எட்டாம் வகுப்பு. நான் பட்டதாரி என்று சொன்னதும் அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "டிகிரியா? பரவால்ல தம்பி, அதெல்லாம் போகப் போகச் செரியாயிரும்."

சம்பளம் இல்லை. மதியச் சாப்பாடும், இரண்டு வேளை டீயும். முதல் இரண்டு மாதம் பழைய போர்டுகளில் இருந்து கன்டென்சரையும் ரெசிஸ்டன்ஸையும் கழற்றுவதுதான் வேலை. சூடு அதிகமானால் தடம் பெயர்ந்து வந்துவிடும், குறைந்தால் ஈயம் இளகாது. மூன்றாம் மாதம் ஒரு டிரான்சிஸ்டர் செட்டைக் கொடுத்தார். தட்டினால் பாடும், விட்டால் நிற்கும். நான் மின்சுற்று வரைபடம் கேட்டேன். அவர் சிரித்தார். ஒரு மரக்குச்சியை எடுத்து போர்டில் இருந்த ஒவ்வொரு பற்றையும் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் செட்டு பாடியது. "டிரை சால்டர். கண்ணுக்குப் புடிச்ச மாதிரியே இருக்கும். உள்ள புடிச்சிருக்காது" என்றார். 14 மாதம் அங்கே இருந்தேன். பின்னால் பாலிடெக்னிக்கில் ஆய்வக வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, வேலை செய்யாத ஆம்ப்ளிஃபையர் ஒன்றை மேசையில் வைத்தார்கள். நான் சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்து, அதன் பின்பக்கத்தால் பற்றுகளை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தேன். தேர்வுக்குழுவில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கே ஓர் உறுத்தல் உண்டு. தச்சன் பிள்ளைகள் என்கிறாரே, அந்த உவமையில் ஓர் அப்பன் இருக்கிறான். பட்டறை இருக்கிறது. பிள்ளைகள் பிறந்ததில் இருந்து உளிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அப்பனிடம் இருந்து வருவது மண்வெட்டி. அந்த மண்வெட்டி உதவாத காட்டுக்குள்தான் அவனை அனுப்புகிறோம். அப்பா ஆடிட்டர், மகளும் ஆடிட்டர் என்ற வீட்டில் இந்தப் பாட்டு ஒரு விதமாகக் கேட்கும், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரின் மகளுக்கு வேறு விதமாகக் கேட்கும். இதை ஔவையார் தீர்த்துவைக்கவில்லை. பாட்டிடம் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது. ஆனால் இன்னொன்றும் உண்டு. அந்த உவமை அவருடைய சொந்தத் தொழில் பற்றியது இல்லை. யாழ் மீட்டும் ஒருவர் தன் நிலையைச் சொல்ல மரவேலைக்காரரின் பிள்ளைகளைத் தேடிப் போகிறார். கலைஞர் தன்னை ஒரு கைத்தொழிலாளியின் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். அரசன் வாசலில் நின்றுகொண்டு அப்படிச் செய்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

ஔவையார் என்றதும் உங்கள் மனசில் ஒரு கிழவி கோலூன்றி வந்திருப்பார். 1953இல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அப்படி வந்தார், 1968இல் மெரினாவில் வைத்த சிலையும் அப்படித்தான். ஆத்திசூடி பாடியவர் வேறு, மிகப் பிற்காலத்தவர். சங்க ஔவையார் வேறு. அதியமானைப் பாடியவரின் வயது இந்தப் பாட்டில் எங்கும் இல்லை. அவர் இளம்பெண்ணாக இருந்திருக்கலாம் என்று எழுதிய அறிஞர்களும் உண்டு. மாணவிகளுக்காக இதைச் சொல்கிறேன். கிழவியாகப் பார்த்தால் இது செல்வாக்குள்ள ஒரு மூதாட்டியின் கோபம். உங்கள் வயதுப் பெண்ணாகப் பார்த்துப் படியுங்கள். ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிற, கூட வருகிறவர்களுக்கும் சோறு பார்க்க வேண்டிய ஓர் இளம்பெண், "கிளம்புகிறோம்" என்கிறார். பாட்டே வேறாகிவிடுகிறது. அதிலும் அவர் தனியாகப் பேசவில்லை, பன்மையில் பேசுகிறார்.

வரிசை என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. அந்தப் பாட்டில் பரிசிலர்கள் வருந்துவது வரிசைக்காக. அங்கே அதற்குத் தகுதி அறிந்து செய்யும் சிறப்பு என்று பொருள். சீர்வரிசை என்று கல்யாணத்தில் சொல்கிறோமே, அதில் அந்தப் பழைய பொருளின் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு வரிசை என்றால் கியூ. அவர்கள் வரிசைக்காக நின்றார்கள், நாம் வரிசையில் நிற்கிறோம். ஆளைப் பார்க்காமலே அனுப்பப்பட்ட பரிசிலை வேண்டாம் என்று சொன்ன பெருஞ்சித்திரனாரின் பாட்டு, 206க்கு இரண்டு பாட்டுத் தள்ளி, 208ஆக இருக்கிறது. அதுவும் இதே அதியமான் வாசல்தான். குன்றும் மலையும் கடந்து வந்தவரை முகம் கொடுத்துப் பார்க்காமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறான். தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவும் போதும், இது வேண்டாம் என்று திருப்பிவிட்டார் அவர். இதை உங்களுக்கு அறிவுரையாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கல்விக்கடன் தவணை இருக்கிறது, தம்பி தங்கை படிப்பு இருக்கிறது. முகம் பார்க்காமல் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வாங்கும்போது உள்ளே ஏதோ சுருங்குகிறதே, அது உங்கள் திமிர் இல்லை. அதற்கு இரண்டாயிரம் வருஷத்துப் பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காத்திருப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஏனென்றால் இதே ஔவையார், இதே அதியமானைப் பற்றி, நேர் எதிராக ஒன்று பாடியிருக்கிறார். 101ஆம் பாட்டு. ஒரு நாள் போனாலும் பல நாள் போனாலும், கூட்டமாகப் போனாலும், முதல் நாள் போலவே அன்பு காட்டுகிறவன் அவன். பரிசில் கொடுக்கும் நேரம் நீண்டாலும் நீளாவிட்டாலும் அது யானை தன் கொம்புகளுக்கு நடுவே வைத்துக்கொண்ட கவளம் மாதிரி, கட்டாயம் வாய்க்குள் போகும். நெஞ்சே வருந்தாதே என்கிறார். அதே நீட்டித்தல். அங்கே பொறுமை, இங்கே கோபம்.

எது முதலில் பாடியது? புறநானூற்றின் வரிசை எண்கள் கால வரிசை இல்லை. பொறுத்திருந்து பார்த்துவிட்டுப் பிறகு பொங்கினாரா, பொங்கியதற்குப் பலன் கிடைத்தபின் யானைக் கவளம் என்று மெச்சினாரா என்று நம்மால் அறுதியிட முடியாது. தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் சில சமயம் 101இல் இருப்பார்கள், சில சமயம் 206இல் இருப்பார்கள். என் தங்கை மகன் காலையில் 101, இராத்திரி 206. பத்தாவது மாதத்தில் அவன் ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், படித்ததற்குப் பாதி சம்பந்தம் உள்ள வேலையில் சேர்ந்தான். பதின்மூன்றாவது மாதத்தில் பழைய கம்பெனி சேரும் தேதியை அனுப்பியது. அவன் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று அவன் அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஔவையாரின் கோபத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அது கடைசியில் வந்து இறங்குகிற சொல். அறிவும் புகழும் உள்ளவர்கள் செத்துவிடவில்லை என்று பெரிய இடத்தில் ஏறிப் பேசியவர், அடுத்த மூச்சில் சோறு என்று முடிக்கிறார். புகழ் கிடைக்கும், பொன் கிடைக்கும், யானை கிடைக்கும் என்று சொல்லவில்லை. பரிசிலாக யானையே வாங்கிப் போன காலம் அது. இருந்தும் அவர் உலகத்திடம் உத்தரவாதமாக எதிர்பார்ப்பது சோற்றை. பட்டமளிப்பு விழா மேடைகளில் உங்களிடம் கனவு காணுங்கள், உச்சியைத் தொடுங்கள் என்று சொல்வார்கள். யாரும் சோறு என்று சொல்ல மாட்டார்கள். ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும்போது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது அடுத்த இடத்தில் சோறு உண்டு என்பதுதான் என்று அந்த அனுபவசாலிக்குத் தெரிந்திருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அவர் உண்மையிலேயே கிளம்பினாரா? பாட்டு அதைச் சொல்லவில்லை. யாழ் கையில் இருக்கிறது, பை கட்டியாயிற்று, அதோடு பாட்டு நின்றுவிடுகிறது. அதியமான் செத்தபோது அவர் பாடிய பாட்டுகளும் புறநானூற்றில் இருக்கின்றன. 235ஆம் பாட்டைத் தனியாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள். அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்தது, இரப்பவர்களின் கைகளுக்குள்ளும் புகுந்து போனது என்று அழுகிறார். கொஞ்சம் கள் இருந்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்கிறார். ஆக, எங்கோ ஓர் இடத்தில் அந்தக் கோபம் தீர்ந்திருக்கிறது. அல்லது தீராமலே அன்போடு சேர்ந்து இருந்திருக்கிறது.

வாயில்காப்போனைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பரிசிலர்க்கு வாசலை அடைக்காதவனே என்று அவனைக் கூப்பிட்டதை வெகுகாலம் குத்தல் என்றே நினைத்திருந்தேன். வாசல் திறந்திருக்கிறது, பரிசில்தான் வரவில்லை, இது என்ன வாசல் என்று கேட்கிற தொனி. அப்படியும் படிக்கலாம். ஆனால் அந்தப் பாட்டில் காவலன் மேல் ஒரு கடுஞ்சொல்கூட விழவில்லை. கேள்வி முழுக்க உள்ளே இருப்பவனைப் பற்றித்தான். அந்தக் காவலன் என்ன பதில் சொன்னான் என்று பாட்டில் இல்லை. அவனுக்கு அதில் வசனமே கிடையாது.

சேலத்தில் அந்த மூன்றாம் நாள், புளியமரத்தடியில் நான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன். காக்கிச் சட்டைப் பெரியவர் ஸ்டூலில் இருந்து எழுந்து, உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து என்னிடம் வந்தார். கையில் ஒரு சொம்புத் தண்ணீர். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு சொம்பை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மொதலாளி உள்ளதான் இருக்காருப்பா. அந்த மூணு தடவையும் உள்ளதான் இருந்தாரு. அரூர் பஸ்சு அஞ்சு பத்துக்கு ஒண்ணு இருக்குது, நடந்தீன்னா புடிச்சிரலாம்."